எனக்கு மட்டும் ஏன் பாகிஸ்தான்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் மாதிரி ஐ.நா. மாநாடு (மாணவர்களே நாடுகளின் பிரதிநிதிகளாக வாதாடும் போட்டி). சர்வதேச நீதிமன்றக் குழுவில் உளவாளி என்று பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கை நடத்துகிறோம். சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் பாகிஸ்தான் தரப்பு வக்கீல் வேலை. விடுதியில் ஒரே கேலி. தோற்ற கட்சிக்காக எப்படி ஐயா வாதாடுவது?
- மூன்றாமாண்டு மாணவி, திருச்சி

பதில்: கேலி செய்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். சர்வதேச நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரில் இந்த வழக்கில் பாகிஸ்தானுக்காக வாதாடிய கவார் குரேஷி லண்டனில் தொழில் செய்யும் வக்கீல். கட்சிக்காரர் யாரானாலும் வக்கீலுக்குத் தொழில் தொழில்தான்.

சரி, 'தோற்ற கட்சி' என்கிறீர்களே, அது பாதி உண்மை. 2019 ஜூலை 17 அன்று 15-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் இந்தியா என்னென்ன கேட்டது? மரண தண்டனையை ரத்து செய்ய வேண்டும், ஜாதவை விடுதலை செய்து அனுப்ப வேண்டும். இரண்டும் கிடைக்கவில்லை. தண்டனையை மறுபரிசீலனை செய்யுங்கள், எந்த வழியில் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று பாகிஸ்தானிடமே விட்டது நீதிமன்றம். உங்கள் பலம் அங்கேதான்.

ஜாதவ் உளவாளியா இல்லையா என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. வழக்கே 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு பற்றியது: வெளிநாட்டவரைக் கைது செய்தால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொன்னீர்களா, அதிகாரிகளைச் சந்திக்க விட்டீர்களா? கைது 2016 மார்ச் 3. இந்தியாவுக்குச் சொன்னது மார்ச் 25. இந்த மூன்று வாரம் உங்கள் கழுத்துக்குக் கத்தி. இதை மூடி மறைக்கப் பார்க்காதீர்கள், நீதிபதி நாற்காலியில் இருக்கும் மாணவர் முதலில் அதைத்தான் பிடிப்பார். உளவு வழக்குக்கு 36-வது பிரிவு பொருந்தாது, கைதிகளைத் தூதரக அதிகாரிகள் சந்திப்பது பற்றிய இரு நாடுகளின் 2008 உடன்பாடு விதிவிலக்குத் தருகிறது என்ற இரண்டு வாதங்களும் நிஜத்தில் எடுபடவில்லை. இருந்தாலும் வையுங்கள், சுருக்கமாக. மீதி நேரம் முழுக்கப் பரிகாரத்துக்கு, அதாவது நீதிமன்றம் என்ன உத்தரவு போட வேண்டும் என்பதற்கு.

நான் நடுவராக உட்கார்ந்த ஒரு போட்டியில் இந்தியத் தரப்புப் பையன் பத்து நிமிடம் தேசபக்தியை முழங்கினான். அரங்கமே கைதட்டியது. அப்புறம் நீதிபதியாக இருந்த பெண், "வக்கீல் அவர்களே, நாங்கள் என்ன உத்தரவு போட வேண்டும்?" என்று கேட்டாள். தண்ணீர் குடித்தான், இன்னொரு முறை குடித்தான், பதில் வரவில்லை. மற்றக் குழுக்களில் செய்வது போலத் தீர்மானத்துக்கு ஆள் சேர்க்கிற வேலை இங்கே செல்லாது.

அந்த 15-க்கு 1-இல் ஒற்றை ஆள் ஜிலானி. பாகிஸ்தானின் முன்னாள் தலைமை நீதிபதி, இந்த வழக்குக்காக மட்டும் அந்த நாடு நியமித்த தனி நீதிபதி. அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை முதலில் படியுங்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு அதற்கு அடுத்துதான்.