கேளுங்கள், சொல்கிறேன்: ஆறு உருப்படியில் ஒன்றே ஒன்று

போன இதழில் ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பமான 'ஓபன் செசமி'யைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கடிதங்கள் வந்தன. நான்கு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜாஸ் எனக்குப் புதிது. இந்த ஆல்பத்தில் தொடங்கினால் ஏதாவது புரியுமா?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். மொத்தம் ஆறு உருப்படிகள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1960 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியில் இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் ஐந்து பேர் கூடி ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்தது. ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது.

முதல் முறை கேட்கும்போது ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள். தொடக்கத்தில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து வாசிக்கும் மெட்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தனியே வாசிக்கும்போது, அந்த மெட்டை உங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். மெட்டு மறைந்துவிட்டாலும் அதன் அடியில் இருக்கும் கார்டுகளின் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை திரும்பத் திரும்பச் சுற்றி வருவது பிடிபடும். அந்தச் சுற்றின் மேல் நின்றுதான் அவர்கள் கற்பனை செய்கிறார்கள். நான் இப்படித்தான் பழகினேன். பத்துப் பன்னிரண்டு முறை கேட்ட பிறகு ஒரு நாள் சட்டென்று பிடிபட்டது.

இன்னொன்று. பின்னால் வந்த சிடி பதிப்பில் 'ஓபன் செசமி', 'ஜிப்ஸி ப்ளூ' இரண்டுக்கும் அதே நாளில் வாசித்த வேறொரு டேக்கும், அதாவது அதே உருப்படியை மறுபடி வாசித்த பதிவும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அதேதான், மனோதர்மம் வேறு. எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக ஜாஸை விளக்கிவிடாது.

கேள்வி: ட்ரம்பெட்டில் மூன்றே மூன்று பொத்தான்கள். அதில் எப்படி இத்தனை சுரங்கள்?

பதில்: அந்த மூன்று வால்வுகளை எப்படிச் சேர்த்து அழுத்தினாலும் எட்டு விதம்தான் கிடைக்கும். மிச்சமெல்லாம் உதடு. ஒரே வால்வு நிலையில், உதட்டின் இறுக்கத்தையும் காற்றையும் மாற்றி மாற்றிப் பல சுரங்களை எழுப்ப வேண்டும். அதனால்தான் கீழ்ச் சுரத்திலிருந்து எட்டித் தாவி மேல் சுரத்தைப் பிடிப்பது ட்ரம்பெட்டில் ஆபத்தான வேலை. சாக்ஸபோனில் அடுத்த ஸ்தாயிக்குப் போகத் தனிச் சாவி இருக்கிறது, ட்ரம்பெட்டில் அது கிடையாது. ஹப்பர்டோ சாக்ஸபோன்காரர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தவர், சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபியோடு ஒரே வீட்டில் தங்கியவர். சாக்ஸபோனுக்கு எளிதான தாவல்களை ட்ரம்பெட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கான விலையையும் பிற்காலத்தில் கொடுத்தார். 1992இல் மேலுதடு கிழிந்து, அதில் தொற்றும் ஏற்பட்டது. பழைய வலு அவருக்குத் திரும்பவே இல்லை. இது தெரிந்த பிறகு, இருபத்திரண்டு வயதில் அவர் வாசித்ததைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: ஹப்பர்டை 'இசையமைப்பாளர்' என்று எழுதினீர்கள். ஆனால் அந்த ஆல்பத்தில் அவர் எழுதியது ஒன்றே ஒன்றுதானே?

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். கடைசி உருப்படியான 'ஹப்ஸ் நப்' மட்டும்தான் அவருடையது. தலைப்புப் பாடலும் 'ஜிப்ஸி ப்ளூ'வும் சாக்ஸபோன் வாசித்த டீனா புரூக்ஸ் எழுதியவை. 'பட் பியூட்டிஃபுல்', 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' இரண்டும் ஏற்கெனவே பலர் பாடிய பாடல்கள். 'ஒன் மின்ட் ஜூலெப்' 1950களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல், ரூடி டூம்ப்ஸ் எழுதியது.

இதை நான் குறையாக நினைக்கவில்லை. இண்டியானாபொலிஸில் பிறந்து, 1958இல் நியூயார்க் வந்து சேர்ந்த பையன். தன் பெயரில் முதல் ஆல்பம் கிடைத்ததும் ஆறையும் தானே எழுதி நிரப்பாமல், அறையில் இருப்பவர்களில் நல்ல மெட்டு யாரிடம் இருக்கிறதோ அதை வாங்கி வாசித்திருக்கிறார். 'பட் பியூட்டிஃபுல்' போன்ற மெதுவான பாடலில் வேகம் காட்ட இடமே இல்லை. ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்பதை மட்டும் வைத்து நம்மை உட்கார வைக்கிறார். இந்தப் பொறுமையையும் நான் இசையமைப்பாளரின் குணமாகத்தான் பார்க்கிறேன்.

எழுத்து பின்னால் வந்தது, வேகமாகவே வந்தது. அடுத்த ஆண்டிலேயே 'பேர்ட்லைக்', 'கிரைசிஸ்'. டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்த பிறகு, மூன்று எண்ணிக்கையில் சுழலும் 'அப் ஜம்ப்டு ஸ்பிரிங்'. பிறகு 'லிட்டில் சன்ஃப்ளவர்', 1970இல் 'ரெட் கிளே'. இன்று ஜாஸ் படிக்கும் பிள்ளைகள் உலகெங்கும் இவற்றை வாசித்துப் பழகுகிறார்கள். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு 'ஹப்ஸ் நப்'புக்குத் திரும்பி வாருங்கள். போன தடவை கேட்ட அதே உருப்படியாக அது இருக்காது.

பியானோவையும் விட்டுவிடாதீர்கள். மெக்காய் டைனருக்கு அப்போது இருபத்தோரு வயது. அதே ஆண்டு அக்டோபரில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு 'மை ஃபேவரிட் திங்ஸ்' பதிவு செய்யப் போகிறவர். டிரம்ஸ் வாசித்த கிளிஃபர்ட் ஜார்விஸுக்குப் பத்தொன்பதுகூட ஆகவில்லை! பாஸ் வாசித்த சாம் ஜோன்ஸ்தான் அந்த அறையில் மூத்தவர், அவருக்கு முப்பத்தைந்து.

கேள்வி: டீனா புரூக்ஸ் என்பவர் பெண்ணா? அவரைப் பற்றி யாருமே பேசுவதில்லையே, ஏன்?

பதில்: ஆண்தான். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட செல்லப் பெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது. இந்த ஆல்பத்தில் ட்ரம்பெட் வெளிச்சம் என்றால் இவருடைய சாக்ஸபோன் நிழல். குரலை உயர்த்தாமல், சற்றுத் துயரத்தோடு பேசுகிற வாசிப்பு. தலைப்புப் பாடலின் மெட்டைக் கேட்டாலே அந்த மனம் தெரியும்.

அவர் தன் பெயரில் நான்கு ஆல்பங்களுக்குப் பதிவு செய்தார். உயிரோடு இருந்தபோது வெளிவந்தது 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான். 1961க்குப் பிறகு ஸ்டுடியோ பக்கமே வரவில்லை. 1974இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். மற்ற மூன்றையும் ரசிகர்கள் அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். ஆல்பம் வராத கலைஞரைப் பற்றி யார் பேசுவார்கள்? இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த 'ட்ரூ ப்ளூ' பதிவானது 1960 ஜூன் 25, சனிக்கிழமை. 'ஓபன் செசமி' முடிந்து ஆறே நாள். இந்த முறை தலைமை புரூக்ஸ், ட்ரம்பெட் ஹப்பர்ட். நீங்களும் அதே கணக்கில் கேட்டுப் பாருங்கள். வருகிற ஞாயிறு 'ஓபன் செசமி', அதற்கு அடுத்த சனிக்கிழமை 'ட்ரூ ப்ளூ'. கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.