கொடிமலைக்கு அடியில் ஓர் ஆய்வகம்?

அன்புள்ள ஐயா,

இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் கியூரே (CUORE) என்ற கருவி, நியூட்ரினோ இல்லாத இரட்டைப் பீட்டா சிதைவை (ஓர் அணுக்கரு நியூட்ரினோ விடாமல் இரண்டு எலக்ட்ரான்களை, அதாவது பீட்டாக்களை, மட்டும் விட்டுச் சிதைவதை) தேடுவது பற்றி எழுதியிருந்தீர்கள். நம் பினாங்கின் கொடிமலைக்குள் சுரங்கம் குடைந்து இதைச் செய்ய முடியாதா? நான் பாயான் லெப்பாசில் ஒரு சிப் தொழிற்சாலையின் கிளீன்ரூமில் வேலை செய்கிறேன். எங்கள் அளவுக்குச் சுத்தம் இருந்தால் போதாதா?

கவிதா, பினாங்கு

அன்புள்ள கவிதா,

முதலில் ஆழம். கியூரேயில் 988 டெல்லூரியம் ஆக்சைடு படிகங்கள். ஒவ்வொன்றும் 5 செ.மீ. கனசதுரம், 750 கிராம். 10 மில்லிகெல்வின் குளிரில் ஒரு படிகத்துக்குள் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் விழுந்தால் சூடு 0.1 மில்லிகெல்வின் ஏறும். மேலே ஒட்டிய ஜெர்மானியம் தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி அதை மின்துடிப்பாகக் காட்டும். துடிப்பு அடங்கச் சில விநாடிகள் ஆகும். விண்கதிர்களால் மேலிருந்து பொழியும் துகள் மியுவான். தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியுவான் என்ற கணக்கில், படிகத்தின் மேல்முகத்தில் மட்டும் 25 விழும். ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். கிரான் சாசோவின் 1400 மீட்டர் பாறை இதைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. கொடிமலைத் தொடரின் உச்சியே 833 மீட்டர்தான். மிஞ்சும் மியுவான்களைச் சுற்றிலும் உணரி வைத்துக் கழித்துவிடலாம். ஆனால் பினாங்கின் பாறை கருங்கல். கிரான் சாசோவின் சுண்ணாம்புக்கல்லைவிட அதில் யுரேனியமும் தோரியமும் கூடுதல், அவற்றிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் கசியும்.

பெரிய சிக்கல் உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. கிளீன்ரூம் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், ரேடான் வாயுவைப் பிடிக்காது. ரேடான் சிதைந்து ஈயம்-210 ஆகி உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதன் அரை ஆயுள் 22 ஆண்டு. அதன் வழி வரும் பொலோனியம்-210 விடும் ஆல்ஃபா துகளுக்கு 5300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். நாம் தேடும் சிதைவின் ஆற்றல் 2527. முழு ஆற்றலோடு வந்தால் தொல்லையில்லை. படிகங்களைத் தாங்கும் தாமிரச் சட்டத்துக்குள் பொலோனியம் சில மைக்ரோமீட்டர் புதைந்திருந்தால், ஆல்ஃபா வெளியேறும்போதே ஆற்றலில் பாதியை இழந்து சரியாக நம் இடத்தில் வந்து விழும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் இது ஆல்ஃபாவா பீட்டாவா என்று சொல்லவே முடியாது.

அதனால்தான் கியூரேயின் தாமிரத்தை உருட்டித் தேய்த்து, மின்வேதி முறையில் மெருகேற்றி, அமிலத்தில் அரித்து, கடைசியில் வெற்றிடத்தில் பிளாஸ்மாவால் மேற்பரப்பைச் செதுக்கி எடுத்தார்கள். படிகக் கோபுரங்களைக் கோத்தது நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிகளுக்குள். அறைக்காற்றில் திறந்து வைத்தால் முந்தைய உழைப்பெல்லாம் வீண்.

அடுத்து வரும் கியூபிட் (CUPID) கருவி இன்னும் நல்ல வழி, எனக்கு அதில்தான் நம்பிக்கை. லித்தியம் மாலிப்டேட் படிகம் சூடாவதோடு ஒளியும் விடும். பக்கத்தில் மெல்லிய ஜெர்மானியம் தகடு அந்த ஒளியைப் பிடிக்கும். அதே வெப்பத்துக்கு ஆல்ஃபா தரும் ஒளி பீட்டாவினதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆளைப் பிரித்துவிடலாம். அதில் சிதையும் மாலிப்டினம்-100இன் ஆற்றல் 3034 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இயற்கைக் கதிரியக்கத்தில் வரும் தாலியத்தின் 2615 காமாக் கோட்டுக்கு மேலே இருப்பது இன்னொரு லாபம்.

பினாங்கில் மலையைக் குடைவதைவிடப் பரப்பை அளப்பதில் இறங்கலாம். உங்கள் தொழிலில் ஆல்ஃபா பட்டு மெமரி பிட் புரளாமல் இருக்க, ஆல்ஃபா குறைவாக விடும் லோ ஆல்ஃபா சால்டர் (பற்றாசு) வாங்குவார்கள். அதில் அல்ட்ரா லோ ஆல்ஃபா என்ற ரகத்தின் வரம்பு, சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 0.002 ஆல்ஃபா. கியூரே தன் தாமிரத்தில் எட்டியது அதற்கும் கீழே. அந்த அளவை அளக்கும் கவுண்டரும், ரேடான் புகாத பெட்டியும், வாரக்கணக்கில் எண்ணும் பொறுமையும் இருந்தால் உலகின் எந்தச் சுரங்க ஆய்வகத்துக்கும் இங்கிருந்தே தாமிரத்தைச் சோதித்துக் கொடுக்க முடியும்.