வெளிநாட்டில் பசித்த பிள்ளைகளுக்குச் சமூக சமையலறை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வேறொரு நாட்டில் பசியோடிருக்கும் பிள்ளைகளுக்காகச் சமையலறை தொடங்க வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் ஊட்டச்சத்துப் பணியில் இருப்பவள். இப்படிப்பட்ட சமையலறைகளோடு பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஓரளவு பணம் சேர்ந்துவிட்டது. நண்பர்களும் தயார். முதலில் இடம் பார்ப்பதா, பாத்திரம் வாங்குவதா?

இரண்டும் வேண்டாம். முதலில் போய், அங்கே இப்போது யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பசி இருக்கிற இடத்தில் அநேகமாக யாராவது ஏற்கெனவே அடுப்பு மூட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைக்கும் ஒரு தாயாக இருக்கலாம், ஒரு ஆசிரியராக இருக்கலாம், ஒரு வழிபாட்டுத் தலமாக இருக்கலாம். பெரு நாட்டின் லிமா நகரில் 1970களின் கடைசியிலிருந்தே ஏழைக் குடியிருப்புப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சமையலறை நடத்துகிறார்கள். 2020-ல் பெருந்தொற்றில் வேலை போனபோது, அதே நகரில் தெருவுக்குத் தெரு புதிய பொது அடுப்புகள் எரிந்தன. அவற்றை மூட்டியவர்கள் அந்தந்தத் தெரு மக்களே.

அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவருக்கு என்ன குறைகிறது என்று கேளுங்கள். பெரிய பாத்திரம், எரிபொருள், நல்ல தண்ணீர், மாதா மாதம் தவறாமல் வரும் பணம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதைக் கொடுங்கள். சமையலறை அவருடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: எத்தனை பிள்ளைகளோடு தொடங்கலாம்?

இனி ஒரு காசுகூட நன்கொடை வராவிட்டாலும், ஒரு முழுப் பள்ளி ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் போட முடியுமோ, அத்தனை பேரோடு. மேரிஸ் மீல்ஸ் அமைப்பு 2002-ல் மலாவி நாட்டில் 200 பிள்ளைகளோடு தொடங்கியது. இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளி நாட்களில் அவர்களிடம் சாப்பிடுகிறார்கள். பாதியில் நின்றுபோகும் சமையலறை பெரிய கெடுதல் செய்யும். உங்களை நம்பி அந்தக் குடும்பம் வேறு ஏற்பாட்டை விட்டிருக்கும். கணக்குப் போடும்போது அறுவடைக்கு முந்தைய மாதங்களைத் தனியாகப் பாருங்கள். தானியம் விலை ஏறுவதும் பிள்ளைகள் கூட்டமாக வருவதும் அப்போதுதான்.

கேள்வி: இங்கேயே தானியமும் பால்பவுடரும் சேகரித்துக் கப்பலில் அனுப்பலாமா மேடம்? நிறையப் பேர் பொருளாகத் தரத் தயார்.

அனுப்ப வேண்டாம். சரக்குக் கூலி, சுங்கம், துறைமுகத்தில் கிடக்கும் வாரங்கள் எல்லாம் சேர்ந்து, அதே பணத்தில் அங்கே வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் அளவைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேரும். அங்கேயே வாங்கினால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களான விவசாயிகளுக்கும் வருமானம். பிரேசில் 2009-ல் சட்டமே போட்டது: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று.

பால்பவுடர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். அது கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துவிடும். சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்து, சிக்கனமாக நீர்க்கக் கொடுப்பார்கள். அடுத்து வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலுக்குப் பதிலான பொருட்களை இப்படி இலவசமாகப் பரப்பக் கூடாது என்பதற்காகவே 1981-ல் உலக சுகாதாரப் பேரவை ஒரு சர்வதேச நெறிமுறையை ஏற்றது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். உங்களால் முடிந்தால் அந்தத் தாய்க்கு ஒரு தட்டு அதிகம் வையுங்கள்.

கேள்வி: என்ன சமைப்பது? சத்துப் பட்டியல் ஒன்று தர முடியுமா?

பட்டியல் தரமாட்டேன். அதை எழுத வேண்டியவர்கள் அந்த ஊர்த் தாய்மார்கள். வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் அமைப்பைத் தொடங்கிய ஹோசே ஆண்ட்ரேஸ் பெயர்பெற்ற சமையல் கலைஞர். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் முகாம் மக்களோடு சேர்ந்து கறுப்பு பீன்ஸ் சமைத்தார். எங்களுக்கு இப்படிப் பிடிக்காது, மசித்து வடிகட்டிக் குழைவாகச் செய்ய வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் அவருக்கே காட்டிக்கொடுத்தார்கள். பசித்த பிள்ளைக்கும் நாக்கு இருக்கிறது. அம்மா கைப்பக்குவத்தில் இருந்தால்தான் தட்டு காலியாகும்.

நீங்கள் பார்க்க வேண்டியது சில விஷயங்களை மட்டும். தானியமும் பருப்பு வகையும் சேர்ந்தே வர வேண்டும். புரதத்தை உருவாக்கும் கூறுகளில் லைசின் தானியத்தில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு, இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். அடுத்தது கெட்டித்தன்மை. சின்னக் குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தைக்கு 240 மில்லி. அதை நீர்க்கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. கரண்டியில் நிற்கும் பதத்துக்குக் காய்ச்சி, சிறிது எண்ணெய் விடச் சொல்லுங்கள். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் 9. அயோடின் உப்பு கட்டாயம். கீரை, பருப்பிலுள்ள இரும்பு உடம்பில் சேர, கூடவே வைட்டமின் சி உள்ள பழமோ காயோ வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், அது இரும்பைத் தடுக்கும்.

கேள்வி: மிக மெலிந்த ஒரு குழந்தை வருகிறது. இரண்டு மடங்கு போடலாமா?

போடாதீர்கள். இதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள். நீண்ட நாள் பட்டினியில் இருந்த உடம்பு குறைந்த எரிபொருளில் ஓடப் பழகியிருக்கும். திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகள் சட்டென்று சரிந்து இதயம் நின்றுபோகலாம். அன்போடு ஊட்டிய உணவே உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் மருத்துவமனையில் இப்படிப்பட்ட குழந்தைக்கு முதல் நாட்களில் எஃப்-75 என்ற குறைந்த புரதப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் கொடுக்கிறார்கள்.

மேற்கையின் நடுச்சுற்றளவை அளக்கும் நிற நாடா ஒன்று உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 115-லிருந்து 125-க்குள் என்றால் மிதமானது. இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், கை பருமனாகத் தெரிந்தாலும் ஆபத்துதான். இப்படிப்பட்ட குழந்தையை அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு உங்களுடையது. குழந்தைக்கு நல்ல பசி இருந்து, வேறு சிக்கல் எதுவும் இல்லை என்றால் வேர்க்கடலை விழுதில் செய்த சிகிச்சை உணவுப் பொட்டலத்தைக் கொடுத்து வீட்டிலேயே தேற்றுவார்கள். சமையலறை தொடங்கும் முன்பே பக்கத்துச் சுகாதாரப் பணியாளரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குச் சமைக்கும்போது எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

சேமிப்பறைக்கு. 2013 ஜூலையில் பீகாரில் ஒரு பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். அதில் மோனோகுரோட்டோஃபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெயின் மணம் சரியில்லை என்று சமைத்த பெண்ணே சொன்னதாகச் செய்திகள் வந்தன. அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பிருந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஆகவே என் முதல் விதி: சரியில்லை என்று சமைப்பவர் சொன்னால் அன்றைய சமையல் நிற்க வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், உரம் எதுவும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது. பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் ருசிபார்க்க வேண்டும்.

ஈரம் பட்ட மக்காச்சோளமும் வேர்க்கடலையும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகும், வேகவைத்தாலும் போகாது. 2004-ல் கென்யாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதனால் இறந்தார்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும், பரிமாறும்வரை 60-க்குக் கீழே இறங்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்ததைக் கொடுக்கக் கூடாது. வாசலில் சோப்பும் தண்ணீரும்.

கேள்வி: பிள்ளைகள் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பையில் போட்டு எடுத்துப்போகிறார்கள். தடுக்கலாமா அம்மா?

தடுத்துத் திட்டினால் அந்தப் பிள்ளை நாளைக்கு வராது. வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ காத்திருக்கிறது என்று அர்த்தம். யாருக்கு என்று மெதுவாகக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடும். அப்புறம் அந்தத் தம்பியையும் கூட்டிவரச் சொல்லலாம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குத் தானியமும் பருப்பும் கொடுத்தனுப்பலாம். பையில் மணிக்கணக்கில் கிடக்கும் சமைத்த உணவு கெட்டுப்போகும் என்பதுதான் உண்மையான கவலை.

கேள்வி: சமைக்கிற பெண்களுக்குச் சம்பளம் தர வேண்டுமா? சேவைதானே என்கிறார்கள் எங்கள் குழுவில்.

முறை வைத்து மாதத்தில் ஒருநாள் வருபவருக்குத் தேவையில்லை. தினமும் விடியற்காலை புகையில் நிற்பவருக்குக் கட்டாயம் தர வேண்டும். அவரும் பசித்த வீட்டிலிருந்துதான் வருகிறார்.

கேள்வி: நன்கொடை தருபவர்கள் படம் கேட்கிறார்கள்.

பாத்திரத்தைப் படம் எடுங்கள், மூட்டையை எடுங்கள், கணக்கை அனுப்புங்கள். சாப்பிடும் பிள்ளையின் முகம் வேண்டாம். அந்தப் பிள்ளை வளர்ந்தபின் தன் பசி இணையத்தில் கிடப்பதைப் பார்க்க நேரக் கூடாது.

கேள்வி: நாங்கள் எப்போது விலகலாம்?

அந்த ஊர்க்காரர்களோ அரசோ எடுத்து நடத்தத் தயாராகும்போது. கென்யாவில் 2009-லிருந்து அரசே தன் பள்ளி உணவுத் திட்டத்தைப் படிப்படியாக விரித்தது. அதுவரை அங்கே பள்ளி உணவு தந்துவந்த ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2018-ல் தன் கடைசிப் பள்ளிகளையும் கையளித்தது. ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது, அவசரம் வேண்டாம். ஆனால் இருப்புப் பதிவேடு, வரவு செலவு, பிள்ளைகள் பெயர்ப்பட்டியல் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே உள்ளூர் மொழியில், உள்ளூர்க்காரர் கையால் எழுதச் சொல்லுங்கள். பணம் எடுக்க உள்ளூர்க்காரர் இருவரின் கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள். நீங்கள் இல்லாத ஒரு மாதத்தில் சமையலறை தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள்.