பாதிக் கடன்தானே என்னுடையது, பிறகு ஏன் கார்டு தர மறுக்கிறார்கள்?

கேள்வி: நானும் தம்பியும் சேர்ந்து வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறோம். மாதத் தவணை 46 ஆயிரம், ஆளுக்குப் பாதி என்று பேச்சு. என் சம்பளம் 75 ஆயிரம், வீட்டுச் செலவு 40 ஆயிரம். தம்பிக்குக் கை இறுக்கமான மாதங்களில் முழுத் தவணையையும் நானே கட்டிவிடுவேன். கடந்த ஓராண்டில் அப்படி 5 மாதம் ஆனது. அந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்குக் கிரெடிட் கார்டுதான். இப்போது 1.5 லட்சம் லிமிட்டில் 1.4 லட்சம் பாக்கி. மாதாமாதம் மினிமம் தொகை 7 ஆயிரத்தைத் தவறாமல் கட்டுகிறேன். புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். வேறு வங்கியில் முயலலாமா?

பதில்: வேண்டாம். கார்டு விஷயம் இருக்கட்டும், முதலில் தம்பி கணக்கைப் பார்ப்போம். அவர் தராமல் விட்டது 5 மாதம், மாதம் 23 ஆயிரம். ஆக 1 லட்சத்து 15 ஆயிரம். உங்கள் கார்டு பாக்கி 1.4 லட்சம். மிச்சம் 25 ஆயிரத்தில் பெரும்பகுதி வட்டியாகத்தான் இருக்கும். அதாவது கார்டில் உங்கள் பெயரில் நிற்பது தம்பியின் கடன். கடிதம் முழுக்கக் கார்டைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதாக ஒரு வரி கூட இல்லை.

ஆளுக்குப் பாதி என்பது உங்கள் வீட்டுக்குள் நடந்த பேச்சு. வங்கிக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கட்டுப்படுத்தாது. கூட்டுக் கடனில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அதனால் உங்கள் கடன் அறிக்கையிலும் (யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டுகிறார் என்ற பதிவு) முழுக் கடனும் நிற்கும், தம்பியின் அறிக்கையிலும் முழுக் கடனும் நிற்கும். புதுக் கார்டு கேட்டுப் போனால் 75-ல் 23 என்று பார்க்க மாட்டார்கள். 46-உடன் கார்டின் 7-ஐயும் கூட்டி, 75-ல் 53 என்பார்கள். அது 70 சதவீதத்துக்கும் மேல். பாதியைத் தாண்டினாலே பலர் தயங்குவார்கள். போதாததற்குக் கார்டு லிமிட்டில் 93 சதவீதத்தைச் செலவழித்துவிட்டீர்கள். மறுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னும் நாலு இடத்தில் விண்ணப்பித்தால், ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும். பணத்துக்கு அலைகிறார் என்றுதான் அடுத்தவர் படிப்பார்.

மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன் என்று நீங்கள் எழுதியதில் கொஞ்சம் பெருமை தெரிகிறது. கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது எவ்வளவு என்று பில்லில் இருக்கும், பாருங்கள். 1.4 லட்சத்துக்கு வட்டி 4,200. நீங்கள் கட்டும் 7 ஆயிரத்தில் அசலுக்குப் போவது வெறும் 2,800. பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கும் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடையாது, அன்றே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். இரண்டாவது கார்டு வந்தால் இதே கதை இரண்டு பில்லில் நடக்கும், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? அந்தக் கார்டை இன்றோடு பையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். தவணை போகும் கணக்குக்குத் தம்பியின் சம்பளக் கணக்கிலிருந்து, சம்பளம் விழுந்த மறுநாளே, 23 ஆயிரம் தானாக வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். போனில் ஞாபகப்படுத்துவது, “அக்கா, அடுத்த வாரம் தர்றேன்” எல்லாம் வேண்டாம். பழைய பாக்கிக்கு மாதம் 8 ஆயிரம் சேர்த்து அனுப்பட்டும். தம்பியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். தவணை ஒரு மாதம் தவறினால் அவருடைய கடன் மதிப்பெண்ணும் (ஸ்கோர்) சேர்ந்துதான் விழும், அதைச் சொல்லியே ஆரம்பியுங்கள்.

அவர் 23-ஐ ஒழுங்காகத் தந்தால், வீட்டுச் செலவு போக உங்கள் கையில் 12 ஆயிரம் நிற்கும். அதை மட்டும் கார்டில் கட்டினால் பாக்கி தீர ஏறக்குறைய 15 மாதம். தம்பியின் 8-ஐயும் சேர்த்து 20 ஆயிரமாகக் கட்டினால் 8 மாதம். அதற்குப் பிறகும் தம்பி தர வேண்டியதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 51 ஆயிரம் மீதி இருக்கும். அதை வாங்கி, தவணையில் தம்பியின் இரண்டு மாதப் பங்குக்கான கையிருப்பாகத் தனியே வையுங்கள், கார்டு பக்கம் போகாமல் இருக்க அதுதான் வழி.

இதற்கிடையில், பாக்கியை வட்டியில்லாமல் வேறு கார்டுக்கு மாற்றலாம் என்று யாராவது அழைப்பார்கள். மாற்றுவதற்குக் கட்டணம் எவ்வளவு, சலுகைக் காலம் முடிந்ததும் வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். எதிர்முனையில் குரல் இறங்கும். அதைவிட இப்போதைய கார்டு நிறுவனத்திடமே பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தரக் கேட்கலாம். ஆனால் மாற்றியதும் லிமிட் காலியாகிறதே என்று மறுபடி தேய்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பியால் உண்மையிலேயே முடியவில்லை என்றால் அது வேறு பேச்சு. தவணை தவறும் முன்பே இருவரும் வங்கிக்குப் போய்க் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மொத்த வட்டி கூடும், தெரிந்தே செய்யுங்கள். அதற்கும் அவர் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது வீட்டை விற்பது பற்றிப் பேசுவோம்.