படர்தாமரையும் பொன்தவளையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பனாமாவின் பொன்தவளைகளைப் பூஞ்சை அழித்த கதையை எழுதியிருந்தீர்கள். எனக்கும் போன வருடம் படர்தாமரை வந்தது. மூன்று மாதம் களிம்பு தடவினேன், போய்விட்டது. ஒரு தோல்நோயில் தவளை எப்படிச் சாகும்? மருந்து போட முடியாதா? இன்னொன்று, வலுவில்லாதது போகும், வலுவுள்ளது நிற்கும் என்பதுதானே இயற்கை? நாம் ஏன் நடுவில் புக வேண்டும்? எங்கள் தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் ஒரு தேரை இருக்கிறது. அதற்கும் இது வருமா?

க., பொள்ளாச்சி

அன்புள்ள க.,

நீங்கள் படர்தாமரையைச் சொன்னது பொருத்தம்தான். நோயுற்ற தவளைகளைக் குளிப்பாட்டும் இட்ரகோனசோல், படர்தாமரை முற்றினால் நமக்கு எழுதிக்கொடுக்கும் அதே மருந்து. வித்தியாசம் தோலில் இருக்கிறது.

நமக்குத் தோல் ஒரு சட்டை மாதிரி. தவளையோ வாயால் தண்ணீர் குடிப்பதே இல்லை. அடிவயிற்றை ஈரத்தில் ஒட்டவைத்து உறிஞ்சிக்கொள்ளும். மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். உடம்பின் உப்பை அளவாக வைத்திருப்பதும் அதே தோல். கைட்ரிட் என்கிற இந்தப் பூஞ்சையின் வித்துகளுக்கு வால் உண்டு. நீந்திப் போய்த் தவளைமேல் ஒட்டிக்கொள்ளும். தோல் தடிக்கும், உரியும். ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இதயம் நின்றுவிடும்.

தலைப்பிரட்டை கதை இதைவிட மோசம். இந்தப் பூஞ்சைக்குக் கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் புரதம்) உள்ள இடம் வேண்டும். தலைப்பிரட்டைக்கு அது வாயைச் சுற்றி மட்டும்தான், சின்னப் பல்வரிசையாக இருக்கும். பூஞ்சை அங்கே உட்கார்ந்திருக்கும். தலைப்பிரட்டை பெரும்பாலும் சாகாது. நீந்தித் திரிந்து மற்றவற்றுக்கும் கொடுக்கும். வால் சுருங்கி, கால் முளைத்து, தோல் முற்றும்போதுதான் நோய் உடம்பெல்லாம் ஏறும். நுணலும் தன் வாயால் கெடும் என்றவர் இதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை!

மருந்து கண்ணாடித் தொட்டிக்குள் வேலை செய்யும். 2006-ல் பனாமாவின் எல் வாயே ஊரை நோய் நெருங்கியபோது, காட்டிலிருந்து தவளைகளைப் பிடித்துவந்து ஓட்டல் அறைகளில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். ஆனால் திரும்ப எங்கே விடுவது? ஓடையில்தான் பூஞ்சை இருக்கிறதே. ஸ்பெயினின் மயோர்கா தீவில் தலைப்பிரட்டைகளை அள்ளி மருந்தில் முக்கி, குளங்களை வடித்து, பாறையைக் கிருமிநாசினியால் கழுவினார்கள். ஒரு சில சின்னக் குளங்களுக்கே வருடக்கணக்கில் ஆனது. அந்தத் தீவுக்கு நோய் வந்த வழியைக் கேளுங்கள்: இனத்தைக் காப்பாற்றுவதற்காக வளர்த்துக் கொண்டுபோய் விட்ட தேரைகளோடுதான் வந்தது.

இதனால்தான் உங்கள் ‘இயற்கை’ எனக்கு இடிக்கிறது. இந்தப் பூஞ்சை கிழக்காசியாவில் தோன்றியது என்று 2018-ல் மரபணு ஆய்வு காட்டியது. அது உலகம் சுற்றியது தவளை வியாபாரத்தின் முதுகில் ஏறித்தான். உணவுக்கு, வளர்ப்புக்கு, ஆய்வகத்துக்கு என்று தவளைகள் கப்பலிலும் விமானத்திலும் போயின. கர்ப்பமா இல்லையா என்று பார்க்க, பெண்களின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியில் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அதற்காகவே ஆப்பிரிக்கத் தவளைகள் நாடு நாடாக ஏற்றுமதியாயின. 2019 கணக்கில் இந்த நோயால் சரிந்த தவளை போன்ற நீர்நில உயிரின வகைகள் 501, அதில் 90 அடியோடு போய்விட்டதாகக் கருதப்படுகின்றன.

ஆனாலும் உங்கள் பேச்சில் பாதி உண்மை. பனாமாவில் சில இனங்கள் மெல்லத் திரும்பியிருக்கின்றன. பூஞ்சையின் வீரியம் குறையவில்லை, தவளைத் தோலின் சுரப்புதான் வலுத்திருக்கிறது. பொன்தவளை அவற்றில் இல்லை.

எனக்குப் பிடித்த வைத்தியம் ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. பூஞ்சைக்குக் குளிர்ச்சி வேண்டும், 28 டிகிரிக்கு மேல் தடுமாறும். அங்கே சாவு அதிகம் குளிர்காலத்தில்தான். ஓட்டை போட்ட செங்கற்களை அடுக்கி மேலே சின்னப் பசுமைக்குடில் ஒன்றைக் கவிழ்த்தார்கள். வெயிலில் கல் சூடேறியது, தவளைகள் தாமாகவே போய் ஓட்டைகளில் உட்கார்ந்துகொண்டன, நோய் இறங்கியது. அப்படிப் பிழைத்தவை அடுத்த முறை பூஞ்சையைச் சுலபமாகத் தாங்கின. 2024-ல் வந்த ஆய்வு இது. கொத்தனார் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் கல் போதும்!

சரி, உங்கள் தேரை. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சையைக் கண்டிருக்கிறார்கள். பனாமா மாதிரிக் கூட்டச்சாவு இங்கே பதிவாகவில்லை. பூஞ்சை ஆசியாவில் வெகுகாலமாகவே இருப்பதால் நம் தவளைகளுக்குப் பழகியிருக்கலாம் என்கிறார்கள். வால்பாறைப் பக்கம் போனால் ஓடைத் தலைப்பிரட்டையைப் பாட்டிலில் பிடித்துவந்து வீட்டுத் தொட்டியில் விடாதீர்கள், அது போதும். தேரை இருட்டிய பிறகு வெளியே வந்து பூச்சி பிடிக்கிறதென்றால் கவலை வேண்டாம். பட்டப்பகலில் காலைப் பரப்பிக்கொண்டு, கிட்டே போனாலும் நகராமல் கிடந்தால் மட்டும் கையால் தொடாமல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.