நாலு கோடும் இருக்கிறது, இரவு ஏழு மணிக்கு ஏன் இழுக்கிறது?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில், மேற்கணக்கு லயத்து வீட்டில் இருக்கிறோம். இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நின்றாலே டவர் தெரியும். போனில் எப்போதும் நாலு கோடு இருக்கும். ஆனாலும் இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை மகளின் சூம் வகுப்பு சுற்றிக்கொண்டே நிற்கிறது. கட்டாரில் இருக்கும் கணவரோடு வாட்ஸ்அப்பில் பேசினால் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போகிறது. காலையில் ஒரு குறையும் இல்லை. டவுனில் ஒரு போன் கடைக்காரர் 28,500 ரூபாய்க்கு சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டி பூட்டித் தருவதாகச் சொல்லி 5,000 முற்பணம் வாங்கிவிட்டார். மிச்சத்தைக் கட்டலாமா? மகளுக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை.

பதில்: கட்டாதீர்கள், தங்கச்சி. காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் ஒரு குறையும் இல்லை." சிக்னல்தான் குறை என்றால் அது காலையிலும் குறையாகத்தான் இருக்க வேண்டும். இரவு ஏழு மணிக்கு மலை நகர்ந்து வந்து டவரை மறைப்பதில்லையே.

உங்கள் லயத்துத் தண்ணீர்ப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். போனில் தெரியும் கோடு, பீலி உங்கள் வாசலுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அங்கே எத்தனை குடம் வரிசையில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. விடியற்காலை நாலு மணிக்குப் போனால் குடம் ஒரு நிமிடத்தில் நிறையும். ஆறு மணிக்குப் போனால் அதே பீலி, அதே தண்ணீர், ஆனால் உங்களுக்கு முன்னால் இருபது குடம். பூஸ்டர் பூட்டுவது என்பது பீலியை இன்னும் நாலடி உங்கள் வாசல் பக்கம் இழுத்து வைக்கிற வேலை. வரிசை அப்படியேதான் நிற்கும்.

டவரில் உங்கள் பக்கம் பார்க்கும் ஒரு முகத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் 4ஜி ஓடுகிறது என்று வைப்போம். சாதாரண அமைப்பில் அதன் உச்ச வேகம் கடதாசிக் கணக்கில் நொடிக்கு 150 மெகாபிட். அகலம் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி. அது உங்கள் வீட்டுக்கு மட்டும் அல்ல, அந்த முகம் பார்க்கும் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, கடைவீதி எல்லாருக்கும் சேர்த்து. அதிலும் தூரத்தில், மலை மறைவில் இருக்கும் போனுக்கு அதே ஒரு படத்தை அனுப்ப டவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கொழுந்து நிறுக்கும்போது முன்னால் ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த வரிசைக் கணக்கைக் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1909இலேயே போட ஆரம்பித்துவிட்டார். மிக எளிய வரிசைக்கான கணக்கு இப்படி வரும்: பாதை பாதி நிறைந்திருந்தால் உங்கள் வேலை முடிய, பாதை காலியாக இருக்கும்போது பிடிப்பதைப்போல இரண்டு மடங்கு நேரம். 90 சதவீதம் நிறைந்தால் 10 மடங்கு. 95 சதவீதம் என்றால் 20 மடங்கு. அதனால்தான் 6.45க்கு ஒழுங்காக இருந்த வகுப்பு 7.10க்குத் திடீரென்று நிற்கிறது. ஏற்கெனவே நிறைந்த பாதையில் இன்னும் நாலு வீட்டில் யூடியூப் போட்டால் போதும்.

இதை நம்பச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு கொப்பித் தாள்தான். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதில் அபௌட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற இடத்தில் மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110க்குக் கீழே போனால் இழுபறி. கோட்டை நம்பாதீர்கள்; எந்த எண்ணுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. மூன்று நாளைக்கு காலை 5.30, மத்தியானம் 1, இரவு 8 மணிக்கு, இஸ்தோப்பில் ஒரே இடத்தில் நின்று அந்த எண்ணையும் ஸ்பீட் டெஸ்ட் வேகத்தையும் எழுதுங்கள். மைனஸ் எண் மூன்று வேளையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, வேகம் மட்டும் இரவில் விழுந்தால் அது நெரிசல். பூஸ்டர் கதை அதோடு முடிந்தது.

ஸ்பீட் டெஸ்ட்டையும் பாதிதான் நம்பலாம். அது கிட்ட இருக்கிற சர்வரைத் தேடிப் பிடித்து, ஒரே சமயத்தில் பல இணைப்பில் இழுத்து, அழகான எண்ணைக் காட்டும். உங்கள் கணவரின் குரல் கட்டாரிலிருந்து கடலடிக் கேபிளில் வருகிறது. கொழும்பிலுள்ள லர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் சென்னை ஐஐடி குழுவோடு சேர்ந்து, கம்பனியின் வலைக்குள் என்ன வேகம், நாட்டுக்குள் என்ன, வெளிநாட்டு சர்வர் வரை என்ன என்று பிரித்து அளந்தது இதற்காகத்தான். குரலுக்கு வேகத்தைவிடத் தாமதம்தான் முக்கியம். ஒரு பக்கம் போக 150 மில்லிசெகண்ட் வரை என்றால் பேச்சு இயல்பாக இருக்கும், 400க்கு மேலே போகக் கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. "கேக்குதா, கேக்குதா" என்பதில் பலவும் அந்த எல்லை தாண்டியவையாக இருக்கலாம்.

இனி அந்தக் கடைக்காரர். பூஸ்டர் நம் ஆட்களிடம் ஏன் விலைபோகிறது என்றால், டிவி அன்டனா ஞாபகம். கம்பத்தில் இரண்டு முழம் உயர்த்திக் கட்டினால் பிதுருதலாகலை மலை ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வரும் படம் தெளிந்துவிடும். ஆனால் டிவி ஒருவழிப் பாதை, லட்சம் பேர் பார்த்தாலும் உங்கள் பங்கு குறையாது. அங்கே வரிசையே இல்லை. போன் இருவழி. டவர் பல பத்து வாட்டில் பேசுகிறது, உங்கள் கைப்போன் 0.2 வாட்டில் முணுமுணுக்கிறது. மலிவு பூஸ்டர் அந்த முணுமுணுப்போடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவரின் காதில் ஊற்றும். அப்போது உங்கள் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இணைப்பு கெட்டுவிடும்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு டவரில் ஒரு முகம் மட்டும் பகலானால் செத்துப்போகும். இரண்டு வாரம் கார்டு மாற்றினார்கள், கேபிள் மாற்றினார்கள். கடைசியில் நானும் இன்னொருவரும் கையில் அன்டனாவையும் அளவுக் கருவியையும் பிடித்துக்கொண்டு கடைவீதியில் நடந்தோம். கருவியில் கோடு ஏறிக்கொண்டே வந்து ஒரு சலூன் வாசலில் உச்சிக்குப் போனது. கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், பச்சை லைட் எரிய ஒரு வெள்ளைப் பெட்டி. உள் அன்டனாவுக்கும் வெளி அன்டனாவுக்கும் இடையில் ஐந்தடி இல்லை. கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் வருமே ஒரு கூவல், அதே கூவலைப் பெட்டி பகல் முழுக்கக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தோம். அந்தப் பக்கம் முழுவதும் திரும்பி வந்தது. முடிதிருத்துபவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "போன் கடைத் தம்பி பூட்டித் தந்தான்" என்றார். பூட்டித் தந்தவரைத் தேடினால் கடை கைமாறிவிட்டது.

சட்டமும் அந்தப் பெட்டிக்கு எதிராகத்தான் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் சட்டம், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கம்: உரிமம் இல்லாமல் இப்படி ரேடியோ அலை விடும் கருவியைப் பாவிக்க முடியாது. பிடித்தால் பறிபோவது உங்கள் வீட்டுப் பெட்டி, விற்றவருடையது அல்ல. போனுக்குப் பின்னால் ஒட்டும் "சிக்னல் ஸ்டிக்கர்" பற்றி ஒரு வரியும் வீணாக்க மாட்டேன். கம்பனி மாற்றித் தருகிறேன் என்று குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சிம் ஆட்களிடமும் ஐடென்டி கொப்பியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவருக்கு கமிஷன் சிம் கணக்கில், உங்கள் எட்டு மணி வகுப்பின் கணக்கில் அல்ல. வேறு கம்பனி உதவலாம், மறுக்கவில்லை. அப்படியென்றால் பக்கத்துக் காம்பராவில் அந்தச் சிம் வைத்திருப்பவரிடம் ஒரு இரவு ஹொட்ஸ்பொட் கேட்டு, எட்டு மணிக்கு வகுப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. அதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படிக்கும் மலை மறைவு வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். விடியற்காலையிலும் மெதுவு, வெளியில் மைனஸ் 110, காம்பராவுக்குள் மைனஸ் 120 என்றால் அது உண்மையான சிக்னல் குறை. தகரக் கூரைக்குள் ரேடியோ அலை நுழையாது, கதவு, ஜன்னல் வழியாகத்தான் வரும். முதலில் ரவுட்டரை அலுமாரி மேலிருந்து எடுத்து ஜன்னலில் வையுங்கள், பலருக்கு இதுவே போதும். போதாவிட்டால் ரவுட்டரோடு இணைக்கும் வெளி அன்டனா. இது பூஸ்டர் அல்ல, எதையும் பெருக்காது, வெளியில் நின்று நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான். 4ஜிக்கு இரண்டு கேபிள் வேண்டும், ஒன்றோடு அனுப்பினால் ஏமாறாதீர்கள். கேபிள் குட்டையாக இருக்கட்டும்: கடையில் கிடைக்கும் மெல்லிய கறுப்புக் கேபிளில் 10 மீட்டர் போனால், பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் ரவுட்டருக்கு வந்து சேரும். அதனால் அன்டனாவும் ரவுட்டரும் ஒரே பெட்டியில் வெளியே இருந்து, உள்ளே நெட்வொர்க் வயர் மட்டும் வருகிற வகை நல்லது, கம்பனியிடமே கேளுங்கள். திருப்பும்போது டவரைப் பார்த்துத் திருப்பாதீர்கள், எண்ணைப் பார்த்துத் திருப்புங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து. மலையில் சில வேளை எதிர்ப்பக்கப் பாறையில் பட்டு வருவது நேரே வருவதைவிடப் பலமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் டவர் உங்கள் சிம் கம்பனியுடையதாகவே இல்லாமலும் போகலாம். இடி நாட்களில் வயரைக் கழற்றி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு, தங்கச்சி, இதில் எதுவும் வேண்டாம்.

மழை பெய்யும்போது மட்டும் இணைப்பு போகிறது என்றால் அது பெரும்பாலும் டவருக்கும் டவருக்கும் இடையிலான மைக்ரோவேவ் இணைப்பின் குறை. பனிமூட்டத்தைக் குறை சொல்லாதீர்கள்.

கவரேஜ் வரைபடத்தில் உங்கள் தோட்டம் நிறம் தீட்டியே இருக்கும். அந்த நிறத்தைச் சரிபார்க்கும் விதத்தைச் சொல்கிறேன், சிக்னல் அளக்கும் வாகனத்தில் நானும் வருடக்கணக்காகச் சுற்றியவன். டேஷ்போர்டில் நாலு போன், மடியில் லேப்டாப். ஹட்டனில் காலை ஒன்பதுக்கு ஏறினால் டிக்கோயா, நோர்வுட், பொகவந்தலாவை, மத்தியானச் சாப்பாடு, திரும்பி வருதல். மேற்கணக்குக்கு வாகனம் ஏறாது. இரவு எட்டு மணிக்கு ஓவர்டைம் கிடையாது. பிறகு சராசரி போடுவார்கள். இரவிலும் அளந்தார்கள் என்றே வைத்தாலும், காலை 20 மெகாபிட், இரவு 1 என்றால் சராசரி 10க்கு மேலே, எல்லாம் பிரமாதம். சேவைத் தரத்தை ஆராய்கிறவர்கள் நெரிசல் மணியைத் தனியாகவும், மிக மோசமான 5 சதவீத அளவுகளைத் தனியாகவும் பார்க்கச் சொல்லி எத்தனையோ காலம் ஆகிறது. 2021இல் பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையில் ஏறி உட்கார்ந்து படித்த படம் உலகமெல்லாம் போனது. 4ஜி எட்டாத கிராமங்களுக்கு டவர் என்று இரத்தினபுரியில் தொடங்கிய "கமட்ட சன்னிவேதனய" திட்டமும் வந்தது. நல்லது. கோடு இருந்தும் எட்டு மணிக்கு வகுப்பு நிற்கிற வீடு எந்தத் திட்டத்தில் வருகிறது? உதவி எண்ணுக்கு அடித்தால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள்.

இன்றிரவே செய்யக்கூடியது: சூமில் மகளின் வீடியோவை அணைத்து, குரல் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். குரலுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், படத்துக்கு அதைப்போல பத்து மடங்கு வேண்டும். பாடத்தின் பதிவை ஆசிரியரிடம் கேட்டு விடியற்காலையில் இறக்கிக்கொள்ளலாம். உள்ளூருக்கு வாட்ஸ்அப்பை விட்டு சாதாரண அழைப்பு எடுங்கள். போனில் வோல்டி (சாதாரண அழைப்பை 4ஜி வழியாகவே எடுக்கும் வசதி) போட்டிருந்தால் டவர் அந்தக் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும், வாட்ஸ்அப் குரல் யூடியூப்போடு சேர்ந்து வரிசையில்தான் நிற்கும். கணவரோடு பத்தரைக்குப் பிறகு பேசுங்கள், கட்டாரில் அப்போது எட்டு மணிதான்.

அந்தக் கொப்பித் தாளோடு முதலில் கம்பனிக்கு முறைப்பாடு கொடுத்து இலக்கம் வாங்குங்கள். "சிக்னல் இல்லை" என்று சொல்லாதீர்கள், சிக்னல் இருக்கிறது என்று சொல்லி மூடிவிடுவார்கள். "சிக்னல் இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு வேகம் இல்லை, மூன்று நாள் அளவு கையில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அசையாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900. லயத்தில் பத்து வீடு சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

5,000 ரூபாயை நாளைக்கே போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். பில் தந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. தரவில்லை என்றால், பெட்டிக்கு ஆணைக்குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், காசு தானாக மேசைக்கு வரும். வராவிட்டால் நுகர்வோர் அதிகாரசபை, 1977.