கேளுங்கள் வாத்தியாரே: காந்தி மண்டபத்து வெயில்

(கன்னியாகுமரி காந்தி மண்டபம் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களுக்கு நாகர்கோவில் புவியியல் வாத்தியாரின் பதில்கள்)

*அக்டோபர் 2ஆம் தேதி நண்பகலில், காந்தியின் அஸ்தி வைத்திருந்த இடத்தில் சூரிய ஒளி விழுமாமே! பிள்ளைகளோடு போகிறோம். எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும்?*
— வாசகி, ஈரோடு

வாருங்கள் அம்மா. ஆனால் கடிகாரத்தில் 12 ஆனதும் எட்டிப் பார்த்துவிட்டு, ‘சரியா விழலையே’ என்று கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டு நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. கன்னியாகுமரி அதற்கு மேற்கே ஏறக்குறைய 5 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், உச்சிவேளை அங்கே 20 நிமிடம் பிந்த வேண்டும். அக்டோபர் தொடக்கத்திலோ சூரியனே 10 நிமிடம் முந்திக்கொள்ளும். இரண்டையும் கழித்தால் 12.10 வாக்கில் சூரியன் உச்சிக்கு வரும். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே போய் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். கூரைத் துளை வழியாக வரும் வெளிச்சம் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். மேகம் வந்தால் மட்டும் நான் பொறுப்பில்லை.

*வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அப்படி விழுமா? தெய்வச் செயல் என்கிறார் என் மாமனார்.*
— வாசகர், விருதுநகர்

கட்டினவர்களின் கணக்கு, ஐயா. எனக்கு அதுதான் பெருமையாகத் தெரிகிறது. அக்டோபர் 2 அன்று கன்னியாகுமரியில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே இராது. தெற்கே 11, 12 பாகை சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குப் பொருந்துகிற மாதிரி துளை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சூரியன் டிசம்பர் 21 வரை தெற்கே போய்த் திரும்புகிறது அல்லவா? அக்டோபர் 2 அதற்கு 80 நாள் முன்னால். 80 நாள் பின்னால் எண்ணினால் மார்ச் 11 வரும். அன்றைக்கும் சூரியன் அதே சாய்வில்தான் நிற்கும். ஆனால் மார்ச்சில் சூரியன் 10 நிமிடம் பிந்தி வருவதால் 12.30க்குப் பார்க்க வேண்டும். விடுமுறைக் கூட்டம் இராது, வானமும் பெரும்பாலும் தெளிவு. என்னைக் கேட்டால் மார்ச்தான் நல்லது. மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

*நடுக்கோபுரம் 79 அடி, அது காந்தியின் வயது என்கிறார்கள். 1869ல் பிறந்து 1948 ஜனவரியில் மறைந்தவருக்கு 78தானே?*
— பள்ளி மாணவர், தென்காசி

சபாஷ் தம்பி! முடிந்தது 78, நடப்பு 79. உன் தாத்தாவிடம் வயது கேட்டுப் பார், அவரும் நடப்பைத்தான் சொல்வார்.

*இது காந்தியின் சமாதியா?*
— வாசகி, திருச்சி

இல்லை. தகனம் நடந்தது டில்லியில், ஜனவரி 31 அன்று. அதிலிருந்து 13ஆம் நாளான 1948 பிப்ரவரி 12ல், அஸ்தியில் ஒரு பங்கை இங்கே கடலில் கரைத்தார்கள். கரைக்கும் முன் மக்கள் பார்ப்பதற்காகக் கலசம் வைத்திருந்த இடம்தான் இது. மண்டபம் 1956ல் எழுந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ல்தான் எங்கள் மாவட்டமே தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

*பகவதியம்மன் கோவிலை ஒட்டியே ஏன் இந்த மண்டபம்? வேறு இடமா இல்லை?*
— வாசகர், கோவில்பட்டி

கலசம் வைத்த இடம் அங்கே என்பதுதான் நேர் பதில். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கதை இருக்கிறது. 1925ல் காந்தி கன்னியாகுமரிக்கு வந்தார். கோவிலைச் சுற்றி வர விட்டார்கள். கருவறைப் பக்கம் விடவில்லை. காரணம், அவர் கடல் தாண்டி இங்கிலாந்து போய் வந்தவராம்! அந்த வருத்தத்தை அவரே தம் ‘நவஜீவன்’ பத்திரிகையில் எழுதினார். சீமைக்குப் போன பாரிஸ்டருக்கே இந்த நிலை என்றால், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு எப்படி இருந்திருக்கும்? 1936 நவம்பர் 12ல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அடுத்த ஜனவரியில் காந்தி மறுபடி இந்தப் பக்கம் வந்து, எல்லாருக்கும் திறந்துவிட்ட கோவில்களுக்குப் போனார். வழிகாட்டிகள் 79 அடியைச் சொல்கிற அளவுக்கு இதைச் சொல்வதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. நீங்கள் போனால் முதலில் கோவில், அப்புறம் மண்டபம் என்று நடந்து பாருங்கள்.

*மூட்டுவலிக்கார அம்மாவைக் கூட்டிப் போகிறோம். ஒரே நாளில் எல்லாம் முடியுமா?*
— வாசகி, சேலம்

எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் அம்மாதான் பாவம். மண்டபம் கரையிலேயே இருக்கிறது, படகு வேண்டாம். பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம். அவர் மறைந்ததும் ஓர் அக்டோபர் 2தான், 1975ல். இந்த இரண்டையும் அம்மா பார்க்கட்டும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடக்க ஆசையென்றால், அம்மாவோடு ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் காலையிலேயே படகேறிவிடுங்கள். காற்று பலத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். மத்தியானத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.